செருப்புக்குக் காவல்

வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றரை மணிக்கு நான் கடைசியாகச் செய்த வேலை, மாமியாரின் பிரஷர் மாத்திரைகளைப் பிரித்து வைத்தது. சனி காலை, சனி இரவு, ஞாயிறு காலை என்று மூன்று காகிதப் பொட்டலங்கள். அதற்கு முன்பே மாவு அரைத்தாயிற்று, இரண்டு நாளைக்குத் தாங்கும்படி வத்தக்குழம்பு வைத்தாயிற்று, மகளின் டியூஷன் நேரத்தை ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியாயிற்று. என் இணையர் பத்து நிமிடத்தில் தன் பையைக் கட்டி முடித்துவிட்டு, "இன்னும் படுக்கலையா? ரெண்டு நாள் ரெஸ்ட் எடுக்கத்தானே போறோம்" என்றார். அவர் நல்லவர். அதனால்தான் இதை எழுதுவது கடினமாக இருக்கிறது.

கல்யாணமாகிப் பதினாறு வருடங்களில் நாங்கள் இருவர் மட்டும் போன முதல் பயணம் அது. சென்னையிலிருந்து ஈ.சி.ஆர். வழியாகப் புதுச்சேரிக்கு ஏறக்குறைய 150 கிலோமீட்டர். வழியில் இரண்டு இடங்களில் டீ குடிக்க நிறுத்தினார். நான் இறங்கவில்லை. குடித்தால் அடுத்து எங்கே போவது என்ற கணக்கு எந்தப் பயணத்திலும் என்னோடு வரும். மரக்காணத்தில் உப்பளங்கள் வந்தன. வெயில் ஏறுவதற்குள் உப்பை அள்ளிவிட வேண்டும் என்று பெண்கள் கூடைகளைத் தலையில் சுமந்து வரப்பில் நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குச் சனிக்கிழமையும் வேலை நாள்தான்.

விடுதி வரவேற்பில் இருந்த பையன் இரண்டு ஆதார் அட்டைகளையும் வாங்கிக்கொண்டு, என் கழுத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, "வைஃபா சார்?" என்று அவரிடம் கேட்டான். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

நகரத்துக்குள் கடற்கரைச் சாலையை ஒட்டிப் பெரும்பாலும் கருங்கற்கள்தான். 1980களின் இறுதியில் ஊருக்குத் தெற்கே துறைமுகத்துக்காக அலைத்தடுப்புகள் கட்டப்பட்டன. வடக்கு நோக்கி நகரும் மணல் அங்கேயே தடைபட்டுப்போக, நகரத்துக் கரையைக் கடல் தின்றது. மிச்சத்தைக் காக்கப் பாறைகளைக் கொட்டினார்கள். அண்மை ஆண்டுகளில் ஒரு பகுதியில் மணல் திரும்பியிருக்கிறது என்றாலும், குளிக்க நினைப்பவர்கள் வேறு இடம் தேடித்தான் போகிறார்கள். நாங்கள் வடக்கே கோட்டக்குப்பத்தை ஒட்டிய செரினிட்டி பீச்சுக்குப் போனோம். புதுச்சேரி என்று எல்லோரும் சொல்லும் அந்தக் கடற்கரை உண்மையில் தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கிறது.

மணலில் கால் வைத்ததும் அவர் சட்டையைக் கழற்றினார். கைக்கடிகாரம், போன், பர்ஸ், கார் சாவி, செருப்பு எல்லாவற்றையும் என்னிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீருக்குள் ஓடினார். நானும் கை நீட்டி வாங்கிக்கொண்டேன். அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் சுற்றிலும் பார்த்தேன். அலை தொடாத தூரத்தில், எனக்கு இடமும் வலமுமாக, ஒவ்வொரு செருப்புக் குவியலுக்குப் பக்கத்திலும் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஒருத்தி மடியில் மூன்று சட்டைகள். ஒருத்தி கையில் இரண்டு போன்கள். இன்னொருத்தி தண்ணீரில் நின்ற தன் குடும்பத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். தண்ணீருக்குள் இருந்த பெண்களும் பெரும்பாலும் கணுக்கால் வரைதான். சுடிதாரை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, அலை வந்ததும் பின்னால் ஓடி, சிரித்து, மறுபடியும் முன்னால் வந்து. நம் ஊரில் பெண்கள் கடலுக்குப் போவதை 'கால் நனைக்கப் போறோம்' என்றுதான் சொல்கிறோம். சொல்லிலேயே அளவு இருக்கிறது.

நான் கடலூரில் வளர்ந்தவள். தேவனாம்பட்டினம் சில்வர் பீச் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம். அப்பாவும் அண்ணனும் நானும் கழுத்தளவு நனைந்து விளையாடுவோம். அம்மா பழைய புடவை ஒன்றை விரித்து, செருப்புகளைச் சுற்றி அடுக்கி, நடுவில் உட்கார்ந்திருப்பார். "நீங்க போங்க, நான் பார்த்துக்கிறேன்." எனக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு ஞாயிறு, நான் ஓடப்போனபோது அம்மா கையைப் பிடித்து இழுத்து, "இனிமே முழுசா நனையக் கூடாது. துணி உடம்போட ஒட்டும். இங்க வந்து உக்காரு" என்றார். அன்று முதல் காவலுக்கு இரண்டு பேர்.

அதே அம்மாவை, அப்பா இறந்த மறு வருடம் ராமேசுவரத்துக்கு அழைத்துப் போனேன். அக்னி தீர்த்தத்தில் புடவையோடு மூன்று முறை முழுக்குப் போட்டார். பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் தலையில் வாளி வாளியாக ஊற்றிக்கொண்டு, சொட்டச் சொட்ட, முன்பின் தெரியாத நூறு ஆண்களுக்கு நடுவே பிராகாரத்தில் நடந்தார். அதே உடம்பு, அதே ஈரத் துணி. யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை, அம்மாவுக்கும் தெரியவில்லை. புண்ணியத்துக்காகப் பெண் முழுதாக நனையலாம். சந்தோஷத்துக்காக என்றால் கணுக்கால் வரை. இந்தக் கணக்கு எனக்குப் புரிய நாற்பத்திரண்டு வயதாயிற்று.

புரிந்ததும் முதலில் வந்தது கோபம் இல்லை, குற்ற உணர்வு. போன மே மாதம் பெசன்ட் நகர் கடற்கரையில் என் மகளை நான் கூப்பிட்டேன். அவளுக்குப் பன்னிரண்டு முடிந்திருந்தது. "போதும் பாப்பா, டிரெஸ் எல்லாம் நனையுது, மேல வா." அவளுடைய தம்பியைக் கூப்பிடவில்லை. அவள் எதுவும் பேசாமல் வந்து என் பக்கத்தில், செருப்புகளுக்குப் பக்கத்தில், உட்கார்ந்தாள். பெண்ணியம் பேசும் கூட்டங்களுக்குப் போகிறவள் நான். அந்த வாக்கியம் என் வாயிலிருந்து அம்மாவின் குரலிலேயே வந்தது.

அன்று சாயங்காலம் பாரதி பூங்காவுக்குப் போனோம். நடுவில் வெள்ளையாக ஆயி மண்டபம். ஆயி ஒரு தாசி. அவள் வீட்டு விளக்கொளியைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்ட அரசன், உண்மை தெரிந்ததும் அவமானத்தில் வீட்டை இடிக்கச் சொன்னான். அவள் அதைத் தானே இடித்துவிட்டு அந்த இடத்தில் குளம் வெட்டினாள் என்கிறது கதை. பல காலம் கழித்து, முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்தபோது, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அவள் பெயரில் இந்த மண்டபம் எழுந்தது. புதுச்சேரியின் சின்னமே இன்று அதுதான். கும்பிட்டது அரசனின் தவறு, இடிந்தது அவள் வீடு. ஊரின் தாகம் தீர்த்ததற்காக அவளைக் கொண்டாடுகிறோம். அந்தக் குளத்தில் ஒரு நாளாவது இறங்கி அவள் ஆசை தீரக் குளித்தாளா என்று எந்தக் கதையும் சொல்லவில்லை.

இரவு கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். காந்தி சிலையைச் சுற்றிக் கூட்டம், ஐஸ்கிரீம், பலூன், பல மொழிகள். பத்து மணிக்கும் பெண்கள் பயமில்லாமல் நடந்தார்கள், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் பாறைகள் மேல் தனியாக உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களை எண்ணினேன். பதினேழு பேர். பதினேழும் ஆண்கள்.

மறுநாள் காலை மறுபடியும் செரினிட்டி. அவர் சட்டைப் பொத்தானில் கை வைத்தபோது சொன்னேன்: "இன்னைக்கு நான் போறேன். நீங்க செருப்பைப் பார்த்துக்குங்க."

"உனக்குத்தான் நீச்சல் தெரியாதே?"

"உங்களுக்கும் தெரியாதே."

கொஞ்சம் யோசித்தார். பிறகு சிரித்துவிட்டு உட்கார்ந்தார்.

துப்பட்டாவை அவர் மடியில் போட்டேன். கணுக்கால், முழங்கால், இடுப்பு. அங்கே நின்றேன், அந்தக் கடலின் இழுப்பு தெரியும். முதல் பெரிய அலை தலைக்கு மேல் போனது. மூக்கில், காதில், வாயில் உப்பு. முப்பது வருடம் கழித்து. யார் பார்க்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். யாரோ இரண்டு பேர் பார்த்தார்கள்தான். அடுத்த அலை வந்துவிட்டது.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. வெளியே வந்தபோது அவர் எழுந்து நின்று துண்டை நீட்டினார். "சும்மா உக்கார்ந்திருக்கிறது இவ்வளவு கஷ்டமா?" என்றார். "முக்கால் மணி நேரம். போனையும் எடுக்க முடியல, எல்லார் செருப்பு மேலயும் ஒரு கண்ணு." நான் பதில் சொல்லவில்லை. அவர் முகத்தில் அது இறங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

உடை மாற்ற அங்கே வசதியான இடம் எதுவும் என் கண்ணில் படவில்லை. கார் சீட்டில் துண்டு விரித்து, ஈரத்தோடு விடுதிக்குப் போனேன். அங்கிருந்து அம்மாவுக்கு போன் செய்தேன்.

"கடல்ல குளிச்சேம்மா. முழுசா."

"இந்த வயசுலயா? யாரும் பார்க்கலையே?"

"பார்த்தாங்க."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, யாரோ பக்கத்தில் இருப்பதுபோல, "தண்ணி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

அடுத்த மாதம் அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு சில்வர் பீச்சுக்குப் போகிறோம். ஆளுக்கு ஒரு மாற்றுடை எடுத்து வைத்தாயிற்று. செருப்புகளை ஒரு துணிப்பையில் போட்டு மணலில் வைத்துவிடலாம். தொலைந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம்.