யானை இடம்பெயர்ந்த கதை

2010 ஆம் ஆண்டு மீள்குடியேறி வந்தபோது, கிளிநொச்சியில் எங்கள் கிராமத்து முன்பள்ளிக்குக் கூரையும் இல்லை, கதவும் இல்லை. ஷெல் பட்ட சுவர்கள் மட்டும் நின்றன. 2012 இல் தாய்மார் எல்லோரும் சேர்ந்து சீமெந்து பூசி, தகரம் போட்டோம். முட்டை விற்ற காசைச் சேர்த்து, சுவரில் ஒட்டும் பெரிய படங்கள் சிலவற்றை நான் யாழ்ப்பாணத்தில் வாங்கி வந்தேன். யானை, மயில், மீன்.

சுவர் வேலை முடியும்வரை அவற்றை நாலாக மடித்து, கயிற்றால் கட்டி, அலுமாரிக்கு மேல் வைத்தேன். இடம்பெயர்ந்து பழகிய கை எதையும் மடித்துக் கட்டத்தான் பார்க்கும். மேலே தகரம், சித்திரை வெயில். எடுத்துப் பார்த்தால் பசை இளகி ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. மயிலும் மீனும் கிழிந்து போயின. தப்பிய யானையை, பெயின்ற் அடித்த மூன்றாம் நாளே ஒட்டினேன். மறுநாள் அது நிலத்தில் கிடந்தது.

"ரீச்சர், யானையும் இடம்பெயர்ந்திட்டுதோ?" என்று ஒரு சின்னவள் கேட்டாள். தாய்மார் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பின்னர் பெயர்ப்பலகை செய்யும் தம்பி ஒருவரிடம் கேட்டுப் பழகினேன். ஒட்டுப்படத்தை மடிக்கக்கூடாது. பெரியதை மட்டைக் குழாயில், படம் வெளிப்பக்கமாக இருக்கும்படி தளர்வாகச் சுருட்ட வேண்டும். சிறியதைத் தட்டையாக வைத்து, மேலே பாரம் ஏற்றாமல் விட வேண்டும். வெயில், ஈரம், அடுப்புச் சூடு மூன்றும் ஆகாது. நெடுங்காலம் வைத்திருந்தால் பசை பலம் இழக்கும். புதுப் பெயின்ற் நன்றாகக் காய மூன்று நான்கு கிழமையாவது பொறுக்க வேண்டும். சுவரின் தூசியைத் துடைத்து உலரவிட்டு, பசையில் விரல் படாமல் ஓரத்தில் பிடித்து, பின்தாளைச் சிறிது சிறிதாக உரித்தபடி மேலிருந்து கீழே ஒட்ட வேண்டும். காற்றுக் குமிழ் வராமல் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துணியால் அழுத்த வேண்டும்.

அடுத்த வருடம் மீண்டும் காசு சேர்த்து வாங்கிய யானை, பல மாரிகளைக் கண்டும் சுவரில் நின்றது. எத்தனையோ பிள்ளைகள் அதன் கால்களைத் தொட்டு எண்ணப் பழகிப் போனார்கள்.

சகோதரிகளே, நாங்கள் ஓடுவதற்காகப் பொருட்களை மடித்துக் கட்டிய காலம் முடிந்தது. இனி, இருப்பதற்காக வைக்கப் பழகுவோம்.