எழுதாமல் விட்ட ஆண்டு

கடந்த மாதம் புதிய வேலையொன்றிற்கு விண்ணப்பித்தேன். சமூகவியல் பட்டமும் எட்டு வருடக் களப்பணி அனுபவமும் இருந்தன. 2009இல் இடம்பெயர்ந்தபோது தொலைந்த பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்திலும், சாதாரண தரப் பெறுபேற்றைப் பரீட்சைத் திணைக்களத்திலும் முன்னரே பெற்றிருந்தேன். ஆனால் சுயவிபரக் கோவையில் 2009ஆம் ஆண்டை மட்டும் வெறுமையாக விட்டேன். செட்டிக்குளம் முகாமில் இருந்ததை எப்படி எழுதுவது?

நேர்முகப் பரீட்சைக்கு முதல்நாள் இரவு, அம்மாவை எதிரே இருத்திக் கேள்வி கேட்கச் சொன்னேன். கோவையின் பிரதியைப் பார்த்தவர், "அந்த வருசம் நீ சும்மாவா இருந்தனீ? கூடாரத்துக்குள்ள பிள்ளையளுக்குப் படிப்பிச்சாய். எழுதத் தெரியாத சனத்துக்குக் கடிதம் எழுதிக் குடுத்தாய். அது வேலை இல்லையோ?" என்றார்.

மறுநாள் அதையே கேட்டார்கள்: "2009இல் என்ன செய்தீர்கள்?" குரல் நடுங்கியது. ஆனாலும் அம்மா நினைவூட்டியவற்றைச் சொன்னேன். ஒருவர் அதைக் குறித்துக்கொண்டார். முடிவு இன்னும் வரவில்லை.

தோழியரே, தையல், தோட்டம், முதியோர் பராமரிப்பு, மாதர் சங்கக் கணக்கு எழுதுதல் எல்லாமே அனுபவந்தான். அவற்றை ஆண்டுடன் விண்ணப்பத்தில் எழுதுங்கள். சும்மா இருந்தோம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.