ரீயூனியனுக்கு ஒரு பட்ஜெட்

பெங்களூர்த் தமிழர்களுக்கு வெளிநாட்டுச் சுற்றுலா என்றால் சிங்கப்பூர், மலேசியா. கொஞ்சம் துட்டு சேர்ந்தால் மொரீஷியஸ். எங்கள் வீட்டில் இந்த தசரா லீவுக்கு மொரீஷியஸையும் தாண்டி இன்னும் 200 கிலோமீட்டர் சொச்சம் போவதாக முடிவாகியிருக்கிறது. ரீயூனியன் தீவு. 1946 முதல் பிரான்ஸின் ஒரு மாவட்டம், செலவெல்லாம் யூரோவில். (2002 ஜனவரி 1-ல் யூரோ நோட்டு வந்தபோது, பாரிஸுக்கு மூன்று மணி நேரம் முன்பே இங்கே யூரோ கொடுத்து லிச்சிப் பழம் வாங்கிவிட்டார்களாம். பேங்க்காரனுக்கு ஊர் பிடித்துப்போக இது போதாதா!)

முதலில் கணக்கு. மொரீஷியஸ் வரை ஒரு விமானம், அங்கிருந்து முக்கால் மணி நேரத்தில் இன்னொன்று. ஷெங்கன் விசாவும் இந்தத் தீவுக்கான விசாவும் ஒன்றல்ல. விதியைப் பார்த்துவிட்டே டிக்கெட் போடுங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம், அதனால்தான் அக்டோபர். கடலில் கண்ட இடத்தில் இறங்க முடியாது. சுறா தாக்குதல்களால் 2013 முதல் பவளப்பாறைக்கு உள்ளே இருக்கும் ஆழமில்லாத பகுதிகளிலும், காவல் உள்ள இடங்களிலும் மட்டுமே குளியல். மலைக்கு நடுவே சிலாவோஸ் என்று ஓர் ஊர், போகிற வழியில் 400 வளைவு என்கிறார்கள். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசிக்கே எலுமிச்சம்பழம் தேடும் தங்கமணியிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

இந்தத் தீவைத் தேர்ந்தெடுத்தது மகள். ஒன்பதாம் வகுப்பு, பள்ளியில் பிரெஞ்சு எடுத்திருக்கிறாள். தமிழ் அங்கே கிடையாது. பேசுவாள், எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூட வராது.

போன ஞாயிறு சேன்ட் ஆந்த்ரே என்ற ஊரைப் பற்றி ஒரு பிரெஞ்சுப் பக்கத்தைப் படித்து எனக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஊருக்கு மேயராக இருந்தவர் ழான்-போல் விராபுல்லே. அவள் பிரெஞ்சு உச்சரிப்பில் சொல்லச் சொல்ல எனக்கு உறைத்தது, அட, வீரப்பிள்ளை! அப்புறம் விடவில்லை. தீமிதி அங்கே பாண்டியாலேக்கு நடக்கிறது, நம்ம பாஞ்சாலிதான். முருங்கைக்கீரை 'ப்ரெட் மூரூங்'.

1848-ல் அடிமை முறையை ஒழித்ததும் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரி, காரைக்காலில் இருந்து கப்பல் கப்பலாக ஒப்பந்தக் கூலிகளை ஏற்றினார்கள். 1860-ல் பிரிட்டிஷாருடன் உடன்படிக்கை போட்ட பிறகு மதராஸிலிருந்தும் போனார்கள். நடத்திய விதம் பொறுக்காமல் 1882-ல் பிரிட்டிஷ் இந்திய அரசே அதை நிறுத்தியது. சோழ மண்டலக் கரையிலிருந்து போனவர்களுக்கு அங்கே பெயர் 'மலபார்'! எனக்கு ஊர் மயிலாடுதுறை. காரைக்கால் பக்கத்து ஊர்தான். அந்தக் கப்பலில் எங்கள் தெரு ஆட்கள் யாரும் இருந்தார்களோ என்னவோ.

"அவங்களுக்குத் தமிழ் தெரியுமாப்பா?"

"பெரும்பாலும் தெரியாதும்மா. க்ரியோல், பிரெஞ்சுதான். கோயில் இருக்கு, பேரு இருக்கு."

"அப்போ என்னை மாதிரி."

சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அவர்களுக்கு நடுவில் ஒரு சமுத்திரம் இருந்தது, தோட்டத்து முதலாளி இருந்தான், எழுத்துச் சொல்லித்தர ஆள் இல்லை. எனக்கு ஓசூர் 40 கிலோமீட்டர். ஊருக்கு ராத்திரி பஸ் ஏறினால் காலையில் அம்மா கையால் காபி. என்ன காரணம் சொல்வது?

கடற்கரைக்கு நான்கு நாள் போட்டிருந்ததை இரண்டாக்கி, மிச்சத்தை சேன்ட் ஆந்த்ரேக்கு மாற்றியிருக்கிறேன். தங்கும் வீட்டுக்காரர்களுக்கு பிரெஞ்சில் மெயில் எழுதுவது அவள் பொறுப்பு. அந்தத் தீவின் குடும்பப் பெயர்களை ஒரு நோட்டில் சேர்த்துக்கொண்டு வருகிறாள். எதிரே நான் தமிழில் எழுத வேண்டுமாம், அதைப் பார்த்து அவள் கீழே ஒருமுறை எழுதுகிறாள். இதுவரை பன்னிரண்டு ஆகியிருக்கிறது. அதில் இரண்டு பெயர் என்னவென்று எனக்கே பிடிபடவில்லை.