தண்ணீர் சுருங்காது

மே மாதத்தில் கோட்டைப்பட்டினம் போனால் படகுகளைக் கடலில் தேட வேண்டியதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் வரிசையாக ஓய்ந்து நிற்கும். நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடை இல்லை. ஆனாலும் வெடிப்பு விட்ட ஃபைபர் வல்லங்களைக் கரையில் கவிழ்த்துப் போட்டு ஒட்டுவேலை பார்க்க அவர்களுக்கும் இதுதான் தோதான காலம். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடல் பக்கம் திரும்பியதும் மூக்கில் ஏறுவது கருவாட்டு வாடை இல்லை, ரெசின் வாடை. கொஞ்சம் தித்திப்பு, நிறைய காட்டம். அரை மணி நேரத்தில் தலை வலிக்கும்.

கீற்றுக்கொட்டகையில் வேலை பார்த்த மேஸ்திரிக்குத் தலைவலியெல்லாம் பழகிப்போயிருந்தது. ஐம்பதைத் தாண்டியவர். 2004 சுனாமிக்குப் பிறகு சோழமண்டலக் கரை முழுக்க ஃபைபர் படகுகள் வந்து இறங்கிய நாட்களில் நாகப்பட்டினம் பக்கம் போய்த் தொழில் கற்றவர். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துப்போட்ட வல்லங்களுக்குக் கணக்கில்லாமல் ஒட்டுப் போட்டிருக்கிறார். ஃபைபர் வேலையைப் பற்றி எழுதத்தான் அவரிடம் போயிருந்தேன். பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே அலமாரியில் முழங்கையைவிடக் கொஞ்சம் நீளமாக மஞ்சள் நிறத்தில் ஒரு படகு இருந்தது. பேரப்பிள்ளைக்குச் செய்த பொம்மை என்று நினைத்துக் கேட்டேன்.

"பொம்மையா? எம் மகன் செஞ்சது சார். விட்டா கண்ணு பின்னாடி ஓடாது" என்றார்.

டிப்ளமோ முடித்த மகன் அப்பாவுக்குக் கைவேலைக்கு நிற்கிறார். மீதி நேரத்தில் ரிமோட்டில் ஓடும் அதிவேக மின்படகு செய்கிறார். இந்த ஊரில் இதற்கென்று கடை கிடையாது, சங்கம் கிடையாது. மோட்டாரும் பேட்டரியும் பார்சலில் வருகின்றன. உடல் மட்டும் இந்தக் கொட்டகையில் பிறக்கிறது.

அந்தப் பிறப்பைப் பார்க்க முதலில் அப்பாவின் கையைப் பார்க்க வேண்டும். அச்சின் உட்புறம் மெழுகு பூசித் தேய்த்து, அதன்மேல் ஜெல் கோட் அடித்துவிட்டுக் காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து விரலை வைத்தார். "ஒட்டணும். ஆனா விரல்ல வரக் கூடாது. அதுதான் பக்குவம்." பிறகு கண்ணாடி இழை மேட்டை விரித்து, ரெசினில் கேட்டலிஸ்டைக் கலந்தார். வழக்கமாக நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்கு. மே வெயிலில் அதையும் குறைத்துவிடுகிறார், இல்லாவிட்டால் பிரஷ் வாளிக்குள்ளேயே கெட்டியாகிவிடும். கோபால்ட் டப்பா ஒரு மூலையிலும் கேட்டலிஸ்ட் கேன் எதிர்மூலையிலும் இருந்தன. இரண்டையும் ரெசினில் தனித்தனியாகத்தான் விட வேண்டும். நேருக்கு நேர் கலந்தால் வெடித்துத் தீப்பிடிக்கும். "மாமியா மருமக மாதிரி" என்றார். பிரஷை இழுக்காமல் குத்திக் குத்தி மேட்டை நனைத்தார். வெள்ளை இழை மெல்ல மெல்லக் கண்ணாடியாக மாறியது. எங்கே வெள்ளையாகவே நிற்கிறதோ அங்கே காற்று மாட்டியிருக்கிறது. உருளையை வைத்து உருட்டி அதை ஓரத்துக்கு விரட்டினார்.

மகனுடைய முதல் படகு இதே முறையில் உருவானது. அப்பா ஓட்டிப் பழகிய முப்பதடி வல்லத்தை அப்படியே பன்னிரண்டில் ஒரு பங்காக்கி இரண்டரை அடியில் செய்தார்கள். அச்சு ஒரு சிற்பம் போல வந்தது. அப்பா தன் பங்குக்கு 450 கிராம் மேட்டை மூன்று அடுக்குப் போட்டுக் கொடுத்தார். ஊறப்போட்ட மேட் தன் எடையைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு ரெசினைக் குடிக்கும். வெறும் உடலே ஒன்றரைக் கிலோவைத் தாண்டிவிட்டது.

"அம்மிக்கல்லுக்கு மோட்டார் வச்ச மாதிரி இருந்துச்சு" என்றார் மகன். மோட்டாரை முழுதாக முடுக்கினால் அணியம் வானத்தைப் பார்த்தது, அமரம் தண்ணீரில் உட்கார்ந்தது. பின்னால் ஒரு பெரிய அலை எழுந்தது. வேகம் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதில்தான் இந்தக் கைத்தொழிலின் ருசியே இருக்கிறது. நீளத்தைப் பன்னிரண்டில் ஒரு பங்காக்கினால், உருவம் மாறாமலிருக்க எடை 1,728-இல் ஒரு பங்காக வேண்டும். ஒரு டன் வல்லம் என்று வைத்துக்கொண்டால் அதன் குட்டி 580 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. மோட்டாரும் பேட்டரியும் மட்டுமே அதைத் தாண்டிவிடும். தண்ணீரோ யாருக்காகவும் சுருங்காது. அடி உருண்ட படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிறவரை, தானே எழுப்பும் அலை அதைப் பிடித்து நிறுத்துகிறது. படகின் நீளம் கூடினால் அந்த எல்லையும் தள்ளிப்போகும். முப்பதடிப் படகுக்கு அது மணிக்கு 13 கிலோமீட்டர் சொச்சம்; இரண்டரை அடிக்கு நான்கு கிலோமீட்டர்கூட இல்லை. நடக்கிற ஆள் முந்திவிடுவார்.

இந்தக் கணக்கை உலகத்துக்குச் சொன்னவர் வில்லியம் ஃபிரவுட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1870-களின் தொடக்கத்தில் டார்கீ என்ற கடலோர ஊரில் நீளமான தொட்டி கட்டி, மாதிரிக் கப்பல்களை இழுத்து இழுத்து அளந்தார். அப்படிப்பட்ட இழுவைத் தொட்டி இன்று சென்னை ஐ.ஐ.டி.யிலும் உண்டு. கோட்டைப்பட்டினத்துத் தம்பிக்குத் தொட்டி இல்லை. மூழ்காத ஒரு தோல்வி இருந்தது. அது போதுமானதாக இருந்தது.

இரண்டாவது படகுதான் அலமாரியில் இருந்த மஞ்சள். வல்லத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அணியத்திலிருந்து அமரம்வரை 'வி' வடிவ அடி. அடியில் நீளவாக்கில் கத்தி விளிம்புகள். பின்பக்கம் பலகையால் வெட்டியது போல நேராக முடிகிறது. தண்ணீரைக் கிழிக்காமல் அதன்மேல் ஏறிச் சறுக்குவதற்கான உருவம். மேட்டைத் தூக்கிப்போட்டுவிட்டு, நெய்த மெல்லிய கண்ணாடித் துணியை எபாக்ஸியில் இரண்டே அடுக்கு போட்டிருக்கிறார். எடை முந்நூறு கிராம் சொச்சம். இரண்டு அடுக்கு போட்ட அன்று அப்பாவுக்குத் தூக்கம் வரவில்லையாம். "இத்தனை வருசமா 'இன்னொரு அடுக்கு போடு'ன்னு சொல்லித்தான் எனக்குப் பழக்கம்."

அப்பாவின் பழக்கங்கள் இங்கே இன்னும் சில தலைகீழாகின்றன. வல்லத்தில் காற்றாடி தண்ணீருக்கு வெளியே சுற்றினால் எஞ்சின் கத்தும், அது கோளாறு. இந்தப் படகில் காற்றாடி பாதி வெளியே இருக்க வேண்டும். மேல் பாதி காற்றிலும் கீழ்ப்பாதி தண்ணீரிலும் சுற்றினால்தான் இழுவை குறையும்.

மோட்டார் 2000 கே.வி., அதாவது சுமையில்லாமல் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 2,000 சுற்று. நான்கு செல் லித்தியம் பேட்டரி 14.8 வோல்ட். பெருக்கினால் 29,600. காற்றாடி 40 மில்லிமீட்டர் குறுக்களவு. ஒரு சுற்றுக்கு 56 மில்லிமீட்டர் முன்னேறும் முறுக்கு. தண்ணீர் மரக்கட்டையாக இருந்து காற்றாடி திருகாணி போல நுழைந்தால் மணிக்கு 99 கிலோமீட்டர் வரும். தண்ணீர் வழுக்கும், மோட்டார் சுமையில் தளரும்; கையில் கிடைப்பது அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே.

அத்தனை சுற்றில் சிறு பிசகும் மன்னிக்கப்படாது. காற்றாடியைச் சமன் செய்வதை எனக்குக் காட்டினார். இரண்டு சவரப் பிளேடுகளை இணையாக நிறுத்தி, காற்றாடியை மெல்லிய கம்பியில் கோத்து மேலே வைத்தார். ஒரு இதழ் மெதுவாகக் கீழே இறங்கி நின்றது. அந்த இதழின் முதுகில் அரத்தால் இரண்டு இழுப்பு. மறுபடி வைத்தார், மறுபடி இறங்கியது. இன்னும் ஒரு இழுப்பு. எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் விட்ட இடத்திலேயே நிற்கும்வரை இது நடந்தது. எனக்கு இரண்டு டீ ஆகிவிட்டது.

மோட்டாரையும் காற்றாடியையும் இணைப்பது முறுக்கிய எஃகுக் கேபிள், பித்தளைக் குழாய்க்குள் கிரீஸில் ஓடுவது. முதல் கேபிள் முதல் ஓட்டத்திலேயே பிரிந்து அறுந்திருக்கிறது. காரணத்தைக் கண்டுபிடித்தவர் அப்பா. அறுந்த நுனியைக் கையில் வைத்துத் திருகிப் பார்த்துவிட்டு, "கவுத்து முறுக்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் இழுத்தாத்தான் இறுகும். இது எதிர்ப்பக்கம் சுத்துதுடா" என்றாராம். கயிறு திரித்த கைக்கு அது தெரியும். எதிர்முறுக்குக் கேபிள் வந்த பிறகு அறுந்ததில்லை.

ரேடியோவில் ஓட்டிய முதல் வண்டியே ஒரு மின்படகுதான் என்பது அந்தத் தம்பிக்கும் தெரிந்திருந்தது. 1898-இல் நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கில், தொட்டி நீரில் நிக்கோலா டெஸ்லா ஓட்டிக்காட்டினார். நம் பக்கத்திலும் பெரிய அளவில் இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்: கோவை குமரகுரு கல்லூரி மாணவர்களின் 'சீ சக்தி' குழு 2022-இல் மொனாக்கோ மின்படகுப் போட்டிக்கு 'யாளி' என்ற படகோடு போனது. அந்தப் பேச்சை எடுத்ததும் தம்பி கொஞ்சம் சுருங்கினார். "அவங்கல்லாம் காலேஜ் சார்" என்று சொல்லிவிட்டு பேட்டரியைச் சார்ஜில் போடப் போனார். மண்சட்டிக்குள் மணல் பரப்பி, அதற்குள் வைத்துத்தான் சார்ஜ். ஒரு பேட்டரி முன்பு அப்பளம் போல உப்பிவிட்டது, அன்றிலிருந்து சட்டி.

ஓடுவதைப் பார்க்க டிசம்பர்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கோடையில் கண்மாயில் தண்ணீர் ஏது? கடலில் விட்டால் உப்பு கேபிளைத் தின்றுவிடும். வடகிழக்கு மழை பெய்து முடிந்த ஒரு காலையில், அறந்தாங்கிப் பக்கம் ஒரு கண்மாய்க்கரையில் மூவரும் நின்றோம். மேஸ்திரி பைக்கில் வீச்சுவலையையும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். "எதுக்கு அத்தா இது?" என்று மகன் கேட்டதற்கு, "தண்ணிக்குப் போறோம்ல" என்றார்.

மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, எடை பின்பக்கத்திலிருந்து முப்பது சதவீதத்தில் நிற்கிறதா என்று இரண்டு விரலில் தூக்கிப் பார்த்துவிட்டு மகன் படகைத் தண்ணீரில் வைத்தார். முதல் இரண்டு நொடி எருமை போல அசைந்தது. பிறகு ஒரு கீச்சு, தையல் எந்திரத்தை முழுவேகத்தில் மிதித்த மாதிரி. மஞ்சள் தண்ணீரைவிட்டு எழுந்தது. கடைசி ஒரு சாண் மட்டும் தொட்டுக்கொண்டு ஓடியது, பின்னால் சேவல் வால் போல ஆளுயரத் தாரை. கொக்குகள் கிளம்பிவிட்டன. உள்ளே வைத்திருந்த ஜி.பி.எஸ். கருவி பிறகு காட்டியது 58. மேஸ்திரி எதுவும் சொல்லவில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டார், அவ்வளவுதான்.

மூன்றாவது சுற்றில் கீச்சு சட்டென்று நின்றது. காற்றாடியில் பாசி. கரையிலிருந்து முப்பது அடியில், ஆகாயத்தாமரை ஓரத்தில் படகு ஒதுங்கி ஆடிக்கொண்டிருந்தது. மகன் ரிமோட்டைத் திருகித் திருகிப் பார்த்தார். அதற்குள் மேஸ்திரி இடுப்பளவு தண்ணீரில் இறங்கியிருந்தார். வலையின் ஒரு ஓரத்தைப் பல்லில் கடித்து, தோளில் போட்டு, உடம்பை ஒரு சுழற்று. வலை வட்டமாக விரிந்து, மஞ்சளை நடுவில் வைத்து விழுந்தது. மெதுவாக இழுத்து வந்தார்.

கரையில் உட்கார்ந்து காற்றாடியில் சுற்றிய பாசியை நகத்தால் பிரித்தார் மகன். வலைக்குள் படகோடு இரண்டு ஜிலேபிக் கெண்டையும் துள்ளின. கண்மாய் மீன் ஏலத்துக்கு விட்டது. காவலாளி எதிர்க்கரையில் கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார். மேஸ்திரி இரண்டையும் அவர் பார்க்கும்படி உயர்த்திக் காட்டி, தண்ணீரில் விட்டுவிட்டு மகன் பக்கம் திரும்பினார்.

"பேட்டரி இன்னும் இருக்கா?"