அம்மாயி ஏறிய கோச்சி

கொழும்புக் கோட்டையில் பதுளை ரயிலைப் பிடித்தோம். பொல்காவலை நிலையம் வந்ததும் அம்மா எழுந்து வாசல்பக்கம் போய் நின்றுகொண்டார். வடக்கே போகும் பாதை பிரிவது இங்கேதான். 1973இல் ஒன்பது வயதுப் பிள்ளையாக அட்டனில் ஏறி, இந்தச் சந்திப்பைக் கடந்து தலைமன்னார் போனவர் அவர். அங்கிருந்து ‘ராமானுஜம்’ கப்பலில் ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். உறவைப் பிரிந்து அழுதவர்களை ஏற்றிச் சென்ற அந்த ரயிலுக்கு மலையகத்தில் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பேர்.

அழாமல் ஏறியவள் தன் அம்மா, எங்கள் அம்மாயி மட்டும்தான் என்று அம்மா சொல்வார். ஆனால் என்ன, ஊர் வந்த பிறகு ஐம்பது வருடம் தவணைமுறையில் அழுது தீர்த்தாள். 2022இல் தொண்ணூற்றொரு வயதில் அவள் போய்ச் சேர்ந்த மறுவருடம்தான் அம்மா, “ஒருக்கா அந்த லயத்தைப் பாத்துட்டு வந்துரலாம்டா” என்றார்.

கம்பளை, நாவலப்பிட்டி தாண்டியதும் ரயில் மூச்சு வாங்க ஆரம்பிக்கிறது. வட்டவளையில் மழை, அங்கே மழை பெய்யாவிட்டால்தான் செய்தி. வெள்ளைக்காரப் பயணிகள் படியில் தொங்கியபடி தேயிலையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அந்தப் பச்சையைப் பார்த்து, “கவ்வாத்து வெட்ற நேரம் தாண்டிருச்சு, இன்னும் வெட்டாம வச்சிருக்கானுக” என்றார். அம்மாயியின் குரல் அப்படியே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

அட்டனில் இறங்கி, டிக்கோயா பக்கம் ஆட்டோவில் போனோம். தோட்டத்தின் பேரை எழுதப்போவதில்லை. அங்கே இன்னும் உறவு பிழைக்கிறது. அம்மாயியின் அண்ணன் மகள் வாசலில் நின்றார். “வாங்க மதினி, வாங்க மருமகனே” என்றவர், ஏதோ போன வாரம் வந்துபோனவர்களுக்குப் போல சாயத்தண்ணியும் ரொட்டியும் கட்டச் சம்பலும் வைத்தார்.

ஒரே வயிற்றில் பிறந்த இருவர் எப்படி இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனார்கள்? 1948இன் குடியுரிமைச் சட்டம் இந்தத் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 1974இல் பாதிப் பாதியாக்கினார்கள். மாடு கன்றைக்கூட சந்தையில் இதைவிட யோசித்துப் பிரிப்பார்கள். அம்மாயியின் அண்ணன் இலங்கைக் குடியுரிமைக்கு மனுப் போட்டார். தாத்தா இந்தியாவுக்குப் போட்டார். யாரும் அம்மாயியைக் கேட்கவில்லை.

லயம் அதேதான். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் இஸ்தோப்பு. கூரைத்தகரம் மட்டும் மாறியிருக்கிறது. இந்தக் காம்பராவிலிருந்துதான் அம்மாயி பன்னிரண்டு வயதில் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு முதன்முதலாகப் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, போனாள். இங்கேதான் அம்மாவையும் மாமாக்களையும் பெற்றாள். பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மலையேறி, பால் கட்டிக்கொள்ளும் நேரத்தில் ஓடிவந்து கொடுத்துவிட்டு மறுபடி ஏறுவாளாம். அந்தப் படிக்கட்டைச் சும்மா ஒருதரம் ஏறிய எனக்கே முட்டி பிடித்துக்கொண்டது.

தாயகம் திரும்பியோருக்காகத் தமிழக அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியிருந்தது. அதனால் பந்தலூர் பக்கம் வந்தும் அவளுக்கு அதே கூடைதான், அதே அட்டைக்கடிதான். புதிதாகக் கிடைத்தது ‘சிலோன்காரி’ என்ற பட்டம். அங்கே இந்தியாக்காரி, இங்கே சிலோன்காரி. அவளுக்கு இதில் கோபத்தைவிடச் சிரிப்புத்தான் அதிகம். பேரப்பிள்ளைகள் எங்களுக்கு அவள் கறாரான கணக்குப்பிள்ளை. கொழுந்துக் கறை ஏறிக் கருத்த கட்டைவிரலால் காதைப் பிடித்துத் திருகி, “படிக்கலேன்னா கூடைதான்டா” என்பாள். எங்களில் ஒருவரும் கூடை தூக்கவில்லை. அது அவள் சாதனை; எங்களுடையது அல்ல.

நாங்கள் போன அந்த 2023, மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டு நிறைந்த வருடம். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தே போனவர்களைப் பற்றி அம்மாவின் மதினி பெருமையாகச் சொன்னார். “காணி கிடைக்குமா?” என்று அம்மா கேட்டார். “கேட்டிருக்காங்க” என்றார் அவர்.

நீலகிரியிலும் அதே கேள்விதான் நிற்கிறது. வேலையில் இருக்கும்வரைதான் தோட்டத்து வீடு. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். அம்மாயி இரண்டு மலைகளிலும் சேர்த்து ஏறக்குறைய ஐம்பது வருடம் கொழுந்து பறித்தாள். அவள் பேரில் ஒரு செண்ட் நிலம் இருந்ததில்லை. அவளோடு கப்பலில் வந்தவர்களில் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே, அவர்கள் குடியிருக்கும் இரண்டு அறை வீட்டுக்குப் பட்டா கொடுத்துவிடுங்கள்.