அட்டைக் காயின் அடியில் ஓர் ஊர்

உத்தி விளையாட்டுகளை ஆடுவோரிடையே நெடுங்காலமாக ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. வரைபடத்தின் மீது ஒரு படைப்பிரிவை எப்படிக் காட்டுவது என்பதே அது. துப்பாக்கி ஏந்திய சிப்பாயின் உருவமாகக் காட்டுவதா, அல்லது ஒரு செவ்வகத்துக்குள் குறுக்குக் கோடுகள் இட்டுக் காட்டுவதா? 2009 இல் வெளிவந்த 'ஹார்ட்ஸ் ஒஃப் அயன் 3' என்னும் கணினி விளையாட்டு இரண்டையும் கொடுத்து, ஆடுபவரே தெரிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டது. ரொறன்ரோவில் வளரும் எங்கள் உறவுப் பிள்ளை ஒருவன், உருவம் சிறுபிள்ளைகளுக்கு, பெட்டிதான் விடயம் தெரிந்தவர்களுக்கு என்று தொலைபேசியில் எனக்கு வகுப்பெடுப்பான். அந்த விளையாட்டை எனக்கு ஆடத் தெரியாது. ஆனால் அந்தப் பெட்டியை நன்றாகத் தெரியும். பத்திரிகை மேசையில் போர்ச் செய்திகளோடு காலங் கழித்தவர் எவருக்கும் தெரியும்.

அதன் இலக்கணம் எளியது. செவ்வகத்துக்குள் மூலைக்கு மூலை இரண்டு கோடுகள் இருந்தால் காலாட்படை. சிப்பாயின் மார்பில் குறுக்காகக் கிடந்த இரண்டு வார்களின் நினைவு அது என்பர். ஒரே கோடு குதிரைப்படை. ஒரு புள்ளி பீரங்கிப்படை, அதாவது பீரங்கிக் குண்டு. நீள்வட்டம் கவசப்படை, தாங்கியின் சங்கிலிச் சக்கரம். பெட்டியின் தலையில் இரண்டு கோடுகள் நின்றால் பட்டாலியன், ஓர் எக்ஸ் நின்றால் பிரிகேட், இரண்டு நின்றால் டிவிசன். இன்றைய நேட்டோ வழக்கில் நம்மவர் நீலச் செவ்வகம், பகைவர் சிவப்பு வைரம், நடுநிலையாளர் பச்சைச் சதுரம். ஒரு தலைமையகமாயின் பெட்டியின் இடது ஓரத்திலிருந்து ஒரு கம்பு கீழிறங்கும். பெட்டி எங்கு கிடந்தாலும், தலைமையகம் உண்மையில் இருப்பது அந்தக் கம்பின் நுனி தொடும் இடத்தில்தான். இந்தக் கம்பை வாசகர் சற்று நினைவில் வைத்திருக்க வேண்டும்.

நம்முடைய சதுரங்கத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. யானையும் குதிரையும் தேரும் காலாளும் கட்டத்தில் நிற்கின்றன. கட்டம் எந்த ஊரும் அல்ல. காய் உண்மையான நிலத்தின் மீது வைக்கப்பட்டபோதுதான் சிக்கல் தொடங்கிற்று. பிரசிய அதிகாரியான இளைய ரைஸ்விட்ஸ் 1824 இல் தம் தந்தையின் போர் விளையாட்டைத் திருத்தி, 1:8000 அளவுத்திட்ட வரைபடத்தின் மீது ஆடச்செய்தார். அவருடைய காய்களில் ஒரு நேர்மை இருந்தது. ஒரு படை நிலத்தில் எவ்வளவு அகலத்துக்கு அணிவகுத்து நிற்குமோ, அதே அளவுத்திட்டத்தில் காயும் வெட்டப்பட்டது. காய் மூடிய நிலம் படை உண்மையில் நின்ற நிலமே.

அந்த நேர்மை பின்னர் கைவிடப்பட்டது. அமெரிக்கரான சார்ல்ஸ் ரொபர்ட்ஸ் 1954 இல் 'ரக்ரிக்ஸ்' என்ற பலகை விளையாட்டை வெளியிட்டார். அந்த மரபில் வந்த விளையாட்டுகளில் அரை அங்குலச் சதுர அட்டையே படையாகிவிட்டது. நூறு பேரானாலும் பத்தாயிரம் பேரானாலும் அட்டை ஒரே அளவுதான். கணினியில் நிலைமை இன்னும் வேடிக்கை. 1997 இல் வந்த 'ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ்' விளையாட்டில் குதிரைவீரன் பக்கத்து வீட்டின் கூரையை எட்டி நிற்பான்.

நாங்கள் பத்திரிகையில் செய்ததும் ஏறத்தாழ இதுவே. நில அளவைத் திணைக்களத்தின் 'ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல்' தாளை வைத்து எங்கள் ஓவியர் குடாநாட்டின் கரையோரத்தைப் பிரதியெடுப்பார். அதன்மேல் பெட்டிகள், பெட்டிகளிலிருந்து அம்புகள். அந்தத் தாளில் அரை அங்குலச் சதுரம் மூடும் நிலம் 160 ஏக்கர். யாழ்ப்பாணத்தவருக்குப் புரியும் கணக்கில் 16 பரப்பு ஓர் ஏக்கர். ஆகவே 2,560 பரப்பு. இரண்டு மூன்று பரப்பில் வீடும் கிணறும் தென்னையும் வைத்து ஒரு குடும்பம் வாழ்ந்துவிடும் நாட்டில், ஓர் அட்டைக்குள் எத்தனை வளவுகள் அடங்கும் என்று பாருங்கள்.

1995 ஜூலையில் 'முன்னேறிப் பாய்தல்', ஒக்டோபரில் 'சூரியக்கதிர்' எனப்பட்ட ரிவிரச. இரண்டிலும் அம்பின் தலை நாளுக்கு நாள் நகர்ந்தது. அதன் வால் மட்டும் பலாலி, காங்கேசன்துறைப் பக்கத்திலேயே கிடந்தது. வால் கிடந்த இடத்தில் தையிட்டி, மயிலிட்டி, வசாவிளான், கட்டுவன் எல்லாம் இருந்தன. 1990 ஜூனிலேயே அங்கிருந்து சனங்கள் வெளியேறியிருந்தார்கள். 'செய்தி அம்பின் தலையில்தான், வாலில் எழுத்து நெருக்கினால் படம் தெளியாது' என்று ஆசிரிய பீடத்தில் ஒருவர் சொன்னார். ஊர்ப் பெயர்கள் போயின.

அப்போது மல்லாகத்து முகாமொன்றில் இருந்த மயிலிட்டிப் பெரியவர் ஒருவர் பத்திரிகையை மடித்துக் கையில் பிடித்தபடி என்னிடம் வந்தார். கடற்றொழிலாளி. கோபமாகப் பேசவில்லை.

"தம்பி, எங்கட ஊருக்கு மேல அம்பைக் குத்தி வைச்சிருக்கிறியள். சரி, அது சண்டை. ஆனா ஊரின்ர பேரை ஏன் எடுத்தனியள்?"

"இடம் காணாது ஐயா" என்றேன்.

"கடல் சும்மாதானே கிடக்குது. அதில எழுதுங்கோவன்."

கரையோர ஊர்களின் பெயரைக் கடலில் எழுதுவது வரைபடக்காரரின் பழைய வழக்கம். அவர் அதை அறிந்து சொன்னாரோ, தொழில் செய்த கடல் என்பதால் சொன்னாரோ? மறுநாள் ஓவியரிடம் பேசினேன். பாக்கு நீரிணையின் வெள்ளை வெளியில் 'மயிலிட்டி' என்று எழுதி, அங்கிருந்து கரைக்கு ஒரு மெல்லிய கோடு இழுத்தார். தலைமையகப் பெட்டிக்குக் கம்பு செய்யும் அதே வேலையை அந்தக் கோடு செய்தது. கடற்படைக் கப்பல்களைக் காட்டவேண்டி வந்த நாட்களில் அதற்கும் இடமில்லாமற் போனது.

அந்த ஆண்டு குடாநாட்டில் நடந்த மிகப் பெரிய நகர்வுக்கோ சின்னமே இருக்கவில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு இலட்சக்கணக்கானோர் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தனர். ஓவியர் ஒரு புள்ளிக்கோட்டைப் போட்டுப் பார்த்தார். ஆனால் படையினரின் வழக்கில் விட்டு விட்டு வரையும் கோடு இனிமேல் நிகழவிருப்பதைக் குறிப்பது; பார்ப்பவர் அதை அடுத்த தாக்குதல் என்றே வாசிப்பார். கோடு அழிக்கப்பட்டது. பச்சைச் சதுரம் இருக்கிறதே என்று கேட்கலாம். அது நடுநிலையான ஓர் அணிக்கு உரியது. தலையில் மூட்டையோடு நடப்பவர் அணி அல்ல. 1991 இல் வந்த 'சிவிலைசேஷன்' விளையாட்டில் குடியேறிகளுக்கு ஒரு காய் உண்டு. அது வெளியே சென்றால் நகரின் மக்கள்தொகை ஒன்று குறையும். புதிய நிலம் பிடிக்கப் போகிறவர்களுக்குக் காய் இருக்கிறது. துரத்தப்பட்டவர்களுக்கு நான் பார்த்த ஆட்டங்களில் இல்லை.

2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல் ஒட்டப்பட்டபோது பழைய கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஓர் அங்குலத் தாளில் ஏறக்குறைய 10 சதுர அங்குலம், அதாவது 40 அட்டைகள். 2017 ஜூலை 3 ஆம் திகதி மயிலிட்டித் துறைமுகத்தோடு விடப்பட்டது 54 ஏக்கர். ஓர் அட்டையின் மூன்றிலொரு பங்கு. 27 ஆண்டுகளின் பின் உள்ளே போனவர்களிற் பலர் தங்கள் வளவை வீட்டை வைத்து அடையாளங் காணவில்லை, வீடு இருந்தால்தானே! கிணற்றை வைத்துக் கண்டார்கள். துறைமுகத்தின் மூன்றாங்கட்ட அபிவிருத்தி வேலை 2025 செப்டெம்பரில் தொடங்கப்பட்டிருக்கிறது. வலிகாமம் வடக்கில் விடப்படாத காணிகள் இன்னும் உண்டு. அவற்றின் உறுதிகளைச் சிலர் பிளாஸ்ரிக் உறைகளில் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு உறுதியிலும் காணியின் பெயரும், பரப்புக் கணக்கும், நான்கு பக்க எல்லைக்காரரின் பெயர்களும் எழுதப்பட்டிருக்கின்றன.