திங்கட்கிழமை வரை

ஆங்கிலம் கற்றவர் என்று பெயர் பெற்றவரையும் தடுக்கி விழச் செய்பவை அம்மொழியின் நீண்ட சொற்கள் அல்ல. நீண்ட சொல் ஒன்று எதிர்ப்பட்டால் உடனே அகராதியைத் தேடுகிறோம். ஆதலால் அதனாற் பெருந்தீங்கு நேர்வதில்லை. இரண்டெழுத்தும் மூன்றெழுத்துமாக அடக்கத்துடன் நிற்கும் சிறு சொற்களே எம்மை ஏமாற்றுகின்றன. அவற்றுள்ளும் காலத்தைக் குறிக்கும் சொற்களில் நேரும் தவறு வெறும் இலக்கணப் பிழையாக நின்றுவிடுவதில்லை. வண்டி போய்விடுகிறது, தவணை கடந்துவிடுகிறது, சில வேளைகளில் ஒருவருடைய ஓர் ஆண்டே போய்விடுகிறது. இதனை நாம் புத்தகத்திற் படித்து அறியவில்லை, பட்டு அறிந்தோம்.

1974ஆம் ஆண்டு, சித்திரை வருடப்பிறப்புக்கு முந்திய வாரம். எமது தமக்கையாரின் மகனுக்குக் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தொழிற்பயிற்சி வகுப்பொன்றுக்கு அவன் விண்ணப்பித்திருந்தான். விடுமுறைக்காகக் காரியாலயம் ஏப்ரல் 15ஆந் திகதி திங்கட்கிழமை 'அன்ரில்' மூடப்பட்டிருக்குமென்றும், மீண்டும் திறக்கும் நாளன்று காலையில் அத்தாட்சிப் பத்திரங்களுடன் நேரில் வரவேண்டுமென்றும் அதில் ஆங்கிலத்திற் கண்டிருந்தது.

வீட்டில் ஆங்கிலம் கற்பிப்பவர் நாம் ஒருவரே. ஆகவே கடிதம் எமது கைக்கு வந்தது. 'அன்ரில்' என்றால் 'வரை' என்று எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதிய கை அது. "திங்கட்கிழமை வரை மூடியிருக்குமாம்" என்று வாசித்துச் சொன்னோம்.

"அப்படியானால் செவ்வாய்க்கிழமைதானே மாமா போகவேண்டும்?" என்று கேட்டான்.

"ஆம், திங்கள் இரவு மெயில் வண்டியில் ஏறினாற் போதும்" என்றோம்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவன் அங்கே போய் நின்றபோது, இடங்கள் யாவும் முதல்நாளே நிரப்பப்பட்டிருந்தன. கடிதத்தை நீட்டிக் காட்டினான். அங்கிருந்தவர் அதே வரியிற் பேனாவை வைத்து, திங்கட்கிழமை திறந்துவிட்டோமே என்றாராம். அவர் சொன்னதிற் பிழையில்லை. வாசித்த எம்மிடத்திலேதான் பிழை இருந்தது.

தமிழில் 'வரை' என்னும் சொல் பெரும்பாலும் எல்லையையும் தன்னுள் அடக்கிக்கொள்ளும். 'ஐந்தாம் வகுப்பு வரை படித்தான்' என்றால் ஐந்தாம் வகுப்பும் படித்தான் என்றே கொள்கிறோம். 'அன்ரில்' அப்படியன்று. ஒரு கடை திங்கட்கிழமை 'அன்ரில்' மூடியிருக்கும் என்றால், திங்கட்கிழமை பிறந்ததும் அம்மூடுகை முடிந்தது என்பதே வழக்கமான பொருள். அதே சொல்லை விண்ணப்பம் ஏற்கும் கடைசி நாளுக்குப் பயன்படுத்தும்போது அந்த நாளும் சேருமா என்று ஆங்கிலேயருக்கே ஐயம் எழுவதுண்டு. அதனாலேதான் சட்டப் பத்திரம் எழுதுவோர் 'அந்த நாள் உட்பட' என்று பொருள்படும் சொற்களையும் கூட்டி எழுதுகிறார்கள். அமெரிக்கரோ, இறுதி நாளையும் சேர்க்கவேண்டிய இடத்தில் 'த்ரூ' என்ற சொல்லை ஆளுகிறார்கள்.

அந்நாளுக்குப் பின்னர், மாணவர்கள் மயங்கும் ஏனைய காலச் சொற்களையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சோதிக்கத் தொடங்கினோம்.

'அன்ரில்' என்பதற்கு அடுத்த வீட்டுக்காரர் 'பை'. நூலகத்திலிருந்து புத்தகம் வாங்கிய மாணவனொருவன், அதனை வெள்ளிக்கிழமை 'அன்ரில்' திருப்பித் தருவேன் என்று எழுதினான். திருப்பித் தருவது ஒரு முறை நிகழும் செயல். வெள்ளிக்கிழமை வரை ஓயாமல் திருப்பித் தந்துகொண்டிருக்க இயலுமா? அங்கே 'பை' வரவேண்டும். வெள்ளிக்கிழமை வரை வைத்திருப்பேன் என்றால் 'அன்ரில்' பொருந்தும். 'வெள்ளிக்கிழமைக்குள் தருகிறேன்', 'வெள்ளிக்கிழமை வரை வைத்திருக்கிறேன்' என்று தமிழிற் சொல்லும்போது இவ்விரண்டையும் எந்தக் குழந்தையும் மாற்றிச் சொல்வதில்லை.

'ஒன் ரைம்', 'இன் ரைம்' என்னும் இரண்டும் அவ்வாறே. முன்னது குறித்த மணிக்குத் தப்பாமல் நிகழ்வது. பின்னது காரியம் கெடுவதற்கு முன்னர் நிகழ்வது. எட்டு மணிக்கு வருவதாகச் சொன்ன வைத்தியர் ஒன்பது மணிக்கு வந்து, நோயாளியைக் காப்பாற்றிவிட்டாரென்றால், அவர் 'ஒன் ரைம்' வரவில்லை. 'இன் ரைம்' வந்தார். மழைக்கு முன் கூரை வேய்ந்தவனும் 'இன் ரைம்' வேய்ந்தவனே. அவனுக்கு மணிக்கூடு தேவையில்லை. நம்மவரும் 'நேரத்துக்கு வா' என்று சொல்வதற்கும் 'நேரத்தோடு வா' என்று சொல்வதற்கும் வேறுபாடு வைத்திருக்கிறார்கள்.

இனி 'சின்ஸ்', 'ஃபோர்'. 'சின்ஸ் ஐந்து வருடங்கள்' என்று எழுதாத மாணவர் நம் நாட்டிற் குறைவு. ஒரு காரியம் தொடங்கிய புள்ளியைச் சொன்னால் 'சின்ஸ்'. அது நீடித்த அளவைச் சொன்னால் 'ஃபோர்'. தமிழில் '1960ஆம் ஆண்டு தொட்டு' என்கிறோம். 'ஐந்து வருடமாக' என்கிறோம். 'ஐந்து வருடம் தொட்டு' என்று ஒருவர் சொன்னால் நம் செவி பொறுக்காது. தமிழில் விழித்திருக்கும் அச்செவி ஆங்கிலத்தில் உறங்கிவிடுகிறது.

ஒரு மணித்தியாலத்தில் வருவதாகச் சொல்லும் 'இன்' என்ற சொல்லுக்கு, ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் கழிந்த பின் வருவேன் என்பது பொருள். 'விதின்' என்றாலோ அந்த ஒரு மணித்தியாலம் முடிவதற்குள் எந்த நிமிடத்திலும் வரலாம். விருந்தாளியின் கடிதத்தில் இவற்றுள் எது இருக்கிறது என்று பார்த்தே அடுப்பை மூட்டவேண்டும்.

சில சொற்களில் எம்மீது குற்றமே இல்லை. 'பைவீக்லி' என்பதற்கு வாரத்துக்கு இருமுறை என்றும், இரு வாரத்துக்கு ஒருமுறை என்றும் அகராதிகளே இரு பொருள் தருகின்றன. நம் சஞ்சிகைகள் தம் முகப்பில் 'மாதமிருமுறை' என்று ஐயமின்றி அச்சிட்டன. ஆங்கிலத்திலும் பதினான்கு இரவுகள் என்ற பழஞ்சொற்களிலிருந்து வந்த 'ஃபோட்நைற்' என்னும் தெளிவான சொல் உண்டு. அதனை ஆளுவதே நன்று. 'அடுத்த வெள்ளி' என்பது வருகின்ற வெள்ளியா, அதற்கு மறு வெள்ளியா என்பதிலும் ஆங்கிலம் பேசுவோரிடையே ஒருமைப்பாடு இல்லை. வெள்ளிக்கிழமை நள்ளிரவு பன்னிரண்டு மணி என்று மட்டும் எழுதினால், அது வெள்ளியின் தொடக்கமா முடிவா என்று தெரியாது. நம் பெரியோர் நாளைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணியபடியால், 'வெள்ளி இரவு, விடிந்தாற் சனி' என்று சொல்லி அச்சிக்கலை எளிதாகத் தீர்த்தார்கள்.

இவற்றையெல்லாம் ஆராய்ந்தபோது எமக்கு ஓர் உண்மை புலனாயிற்று. காலத்தைக் கூறுபடுத்திச் சொல்லும் ஆற்றல் நம் தாய்மொழிக்குக் குறைவில்லை. உள், வரை, தொட்டு, ஆக என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் உருபோ சொல்லோ இருக்கிறது. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச்சொல்லை நிரந்தரமாகக் கட்டிவைத்து, அதனையே மனனம் செய்யும் பழக்கத்திலேதான் கோளாறு இருக்கிறது. நாமும் அப்படியே கற்றோம், அப்படியே கற்பித்தோம். அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, 'அன்ரில்' என்றால் என்ன என்று எம்மை நாமே கேட்டோமேயன்றி, கதவு எந்த நாளில் திறக்கும் என்று கேட்கவில்லை. அதைக் கேட்டிருந்தால் ஐயம் பிறந்திருக்கும். ஐயம் பிறந்திருந்தால் ஒரு தந்தி அடித்துக் கேட்டிருப்போம். அல்லது ஞாயிறு இரவே அவனை வண்டியேற்றியிருப்போம்.

மாணவ நண்பர்களுக்கு நாம் சொல்ல விரும்புவதும் அதுவே. கால அளவு கூறும் ஆங்கில வாக்கியத்தைக் கண்டால், சொல்லுக்குச் சொல் வைத்து நின்றுவிடாமல், எந்த நாள், எந்த மணி, அந்த நாளும் சேருமா என்று கேட்டுப் பாருங்கள். விடை தெளியாவிட்டால் எழுதியவரையே கேளுங்கள், அதில் வெட்கமில்லை. நீங்கள் எழுதும்போது கிழமையையும் திகதியையும் சேர்த்தே எழுதுங்கள்.

அந்தப் பயிற்சி வகுப்பு மறு ஆண்டு நடைபெறவில்லை. எமது மருமகன் ஒரு கடையிற் கணக்கெழுதச் சேர்ந்தான். பிற்காலத்திற் சொந்தமாகவே ஒரு கடை வைத்து நல்ல நிலைக்கு வந்தான். அன்று நிகழ்ந்ததைப் பற்றி ஒரு நாளும் எம்மைக் குறைசொல்லவில்லை. ஆனால் அவனுடைய கடையின் விடுமுறை அறிவித்தலை ஒருமுறை பார்த்தோம். எத்தனை நாள் வரை மூடியிருக்கும் என்று அதில் இல்லை. எந்தக் கிழமை, எந்தத் திகதி, காலை எத்தனை மணிக்குத் திறக்கும் என்பது மாத்திரம் பெரிய எழுத்தில் எழுதப்பட்டிருந்தது. அதன் முன்னே சற்று நேரம் நின்றுவிட்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே போனோம்.